இளம் மாமரத்தை எப்போது காய்க்க விடலாம்?

தை பிறந்தும் காலைக் குளிர் விலகாத பெங்களூரில், போன ஆண்டோ அதற்கு முந்தைய ஆண்டோ நட்ட மாங்கன்றின் உச்சியில் ஒரு நாள் இளஞ்சிவப்பாகப் பூந்தண்டு எழும்பும். கன்று இடுப்பு உயரம்கூட வந்திருக்காது. ஆனாலும் வீட்டிலிருப்பவர்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவோம், ஊருக்குப் படம் எடுத்து அனுப்புவோம். அதன் பிறகுதான் யாராவது ஒருவர், அந்தப் பூவை ஒடித்துவிட வேண்டும் என்று சொல்வார். தானாக வந்த பூவை ஏன் ஒடிக்க வேண்டும், ஒடிக்கத்தான் வேண்டுமென்றால் எத்தனை ஆண்டுகளுக்கு, எப்போது கைவைப்பது, எங்கே வெட்டுவது ஆகிய கேள்விகளுக்கு, முதன்முதலாக மாங்கன்று வளர்ப்பவர் ஒருவர் புரிந்துகொண்டு தானே முடிவெடுக்கும் அளவுக்கு விளக்கம் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒட்டுக்கன்று என்றால் முதல் மூன்று ஆண்டுகள் பூவை எடுத்துவிட வேண்டும், நான்காம் ஆண்டிலிருந்து காய்க்க விடலாம் என்பது தோட்டக்கலைத் துறையினர் பொதுவாகச் சொல்லும் விதி. அது நல்ல விதிதான். ஆனால் காரணம் தெரியாமல் ஆண்டுக்கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டால், இரண்டே ஆண்டில் தலைக்கு மேல் வளர்ந்துவிட்ட மரத்தையும், ஐந்து ஆண்டாகியும் குன்றிப்போய் நிற்கும் மரத்தையும் ஒரே மாதிரி நடத்தத் தொடங்கிவிடுவோம். ஆகவே காரணத்திலிருந்து தொடங்குவதே முறை.

மாங்கொட்டையைப் புதைத்து முளைக்க வைத்த மரம் பூப்பதற்குப் பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை அது எவ்வளவு நன்றாகக் கவனிக்கப்பட்டாலும் பூக்காது. அது அதன் இளமைப் பருவம். பூக்கத் தொடங்கும்போது அடிமரம் தடித்து, கிளைகள் பல முறை பிரிந்து, வேர் ஆழமாக இறங்கியிருக்கும். கொட்டை மரத்தில் யாரும் பூவைக் கிள்ளிக்கொண்டிருக்காததற்கு இதுதான் காரணம்: உடம்பு தயாரான பிறகே அதற்குப் பூக்கும் வயது வருகிறது.

ஒட்டுக்கன்றின் கதை வேறு. அதில் கீழே இருப்பது ஒரு மரம், மேலே இருப்பது இன்னொரு மரம். சில மாதங்களே ஆன ஒரு கொட்டைக்கன்றின் தண்டைச் சீவி, பல ஆண்டுகளாகக் காய்த்துக்கொண்டிருக்கும் தாய்மரத்திலிருந்து எடுத்த ஒரு கொம்பை அதில் பொருத்தி, நாடாவால் இறுகக் கட்டி ஒட்டவைக்கிறார்கள். கொம்பு புதிய வேரின் மேல் உட்கார்ந்தாலும் அதன் வயது குறைவதில்லை. பத்து, இருபது ஆண்டு வயதுள்ள தாய்மரத்தின் பூக்கும் தன்மை அதில் அப்படியே இருக்கிறது. எனவே குளிரும் வறட்சியும் வந்தவுடன், தன் கீழே எவ்வளவு வேர் இருக்கிறது என்பதைப் பொருட்படுத்தாமல் அது பூத்துவிடுகிறது. நாற்றங்காலில், பாலித்தீன் பையில் இருக்கும்போதே பூக்கும் கன்றுகளையும், பையில் ஒரு காயோடு விற்பனைக்கு நிற்கும் கன்றுகளையும் இங்கே பார்த்திருப்பீர்கள். அந்தக் காயைக் கன்றின் தரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேர் பைக்குள் சுருண்டு நெருக்கடிப்பட்டிருந்தாலும்கூட மாங்கன்று பூக்கும்.

என் தாய்மாமனுக்குக் காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாந்தோப்பு இருந்தது. ஹொரமாவில் நாங்கள் வீடு கட்டிய புதிதில், 30-க்கு 40 அடி சைட்டில் மிஞ்சிய மூலையில் நான் வைத்த மல்கோவாக் கன்று பூத்திருந்த சமயத்தில் அவர் வந்திருந்தார். கன்றின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்த ஒட்டுக்கட்டின் புடைப்பில் கட்டைவிரலை வைத்துக் காட்டினார்.

"மேல இருக்கிறது வயசுக்கு வந்த கொம்பு மாப்ள. கீழ இருக்கிற வேருக்கு இன்னும் ரெண்டு வயசு முடியல. அது பாட்டுக்குப் பூக்கும், நீ எடுத்துடு" என்றார்.

நான் எடுக்கவில்லை. என் அம்மாவுக்கு மல்கோவா என்றால் உயிர். நான்கு காய் நின்றிருந்தது. அதை அறுத்துப்போட எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆண்டு நான்கு பழமும் கிடைத்தன, அவற்றின் மணமும் நன்றாகவே இருந்தது. ஆனால் வைகாசி, ஆனி மழையில் தெருவிலுள்ள மாமரங்கள் எல்லாம் செம்புநிறத்தில் துளிர்விட்டபோது என் கன்று ஒரு துளிர்கூட விடவில்லை. காயின் எடையில் வளைந்த தண்டு வளைந்தபடியே முற்றிவிட்டது. அடுத்த தையில் அது பூக்கவும் இல்லை, வளரவும் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து வீட்டின் மறுபுறம் நான் நட்ட செந்தூரா, பூ எடுக்கப்பட்டு வளர்ந்ததால், மூன்றே ஆண்டில் அதை உயரத்திலும் தடிமனிலும் தாண்டிப் போய்விட்டது. அந்த மல்கோவாவை நான் இழந்துவிடவில்லை. ஆனால் நான்கு பழத்துக்காக அதன் நான்கு ஆண்டு வளர்ச்சியை விட்டுக்கொடுத்தேன் என்பதே சரியான கணக்கு.

அந்த மரத்துக்குள் என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொண்டால் மற்றவை எளிதாகிவிடும். மாமரம் ஆண்டு முழுவதும் சீராக வளர்வதில்லை. அலை அலையாகத் துளிர்விட்டு வளர்கிறது. ஒரு முறை துளிர்த்த பின், இலைகள் செம்பு நிறத்திலிருந்து வெளிர்பச்சைக்கும் பிறகு கரும்பச்சைக்கும் மாறி முற்றும்வரை அந்தக் கிளை ஓய்வெடுக்கிறது. புதிய இலை பார்வைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், முழு அளவு விரிந்து பச்சை ஏறும்வரை அது மரத்துக்குக் கொடுப்பதைவிட மரத்திடமிருந்து வாங்குவதே அதிகம். நன்கு பராமரிக்கப்படும் இளங்கன்று ஓர் ஆண்டில் மூன்று, நான்கு முறை இவ்வாறு துளிர்விடும். ஒவ்வொரு துளிரும் இலையைக் கூட்டுகிறது. கூடிய இலை தயாரிக்கும் உணவில் ஒரு பங்கு வேருக்கும் தண்டுக்கும் போய் மாவுப்பொருளாகச் சேமிக்கப்படுகிறது. அந்தச் சேமிப்பே அடுத்த துளிருக்கு முதலாகிறது.

மாம்பூ கொம்பின் நுனியில் வருவது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். கொய்யாவைப் போல இலைக்கணுவில் பூத்துவிட்டு நுனி தொடர்ந்து வளரும் பழக்கம் மாவுக்குக் கிடையாது. நுனி மொட்டே பூந்தண்டாக மாறிவிடுவதால், அந்தக் கொம்பின் வளர்ச்சி அத்துடன் நின்றுவிடுகிறது. மீண்டும் வளர வேண்டுமென்றால் பூந்தண்டுக்குக் கீழே இருக்கும் பக்கமொட்டுகள்தான் எழ வேண்டும். நுனியில் காய் தொங்கிக்கொண்டிருக்கும்வரை அவை பெரும்பாலும் எழுவதில்லை. பூத்ததிலிருந்து பழம் முற்றுவதற்கு ரகத்தைப் பொறுத்து மூன்று முதல் நான்கு மாதங்களுக்கு மேல் ஆகும். ஐந்தே கிளை கொண்ட கன்றில் ஐந்திலும் காய் நின்றால், ஏறக்குறைய அரை ஆண்டு அந்தக் கன்றுக்கு வளர்ச்சி என்பதே இல்லை. இதே ஐந்து கிளைகளும் அந்தக் காலத்தில் இரண்டு முறை துளிர்த்துப் பிரிந்திருந்தால் இருபது, முப்பது நுனிகள் கிடைத்திருக்கும். பிற்காலத்தில் ஒவ்வொரு நுனியும் ஒரு பூங்கொத்தாகும் இடம் என்பதை நினைத்தால், இளமையில் விட்ட காய் எதை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பது தெரியும்.

காய் உணவை இழுக்கும் வலிமையும் மிகப் பெரிது. வளரும் காய், துளிர், வேர் மூன்றும் ஒரே சேமிப்பிலிருந்து எடுக்கும்போது காயே முதலில் எடுத்துக்கொள்கிறது. வேர் கடைசியில் நிற்கிறது. ஒரு மாம்பழம் நன்றாகத் தேறுவதற்குப் பல பத்து முற்றிய இலைகளின் உழைப்பு வேண்டும். மொத்தமே நாற்பது, ஐம்பது இலை உள்ள கன்றில் மூன்று காய் நிற்கிறதென்றால், அது இலை தரும் வரவில் வளரவில்லை, தண்டிலும் வேரிலும் இருந்த கையிருப்பைக் கரைத்து வளர்கிறது. அந்தக் கையிருப்பு, முதல் கோடையில் வேர் ஆழமாக இறங்குவதற்காக வைத்திருந்தது.

பூவுக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா என்றால், பொருந்தும், ஆனால் அளவு குறைவு. ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரை பூக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பகுதி ஆண்பூக்கள். மீதமுள்ள இருபால் பூக்களிலும் நூற்றுக்கு ஒன்றுகூடப் பழமாவதில்லை. பூக்களால் வரும் செலவை மரம் ஓரளவு தாங்கிக்கொள்ளும். பெருஞ்செலவு, காய் எலுமிச்சை அளவைத் தாண்டிக் கொட்டை முற்றத் தொடங்கும் கட்டத்தில்தான் வருகிறது. பூவை எப்போது எடுப்பது என்ற கேள்விக்கு இது முக்கியமான குறிப்பு.

புதிதாக மரம் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் தவறு செய்வது அந்த இடத்தில்தான். எடுக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், பூந்தண்டு தலை காட்டிய மறுநாளே கிள்ளிவிடுகிறார்கள். பெங்களூரில் மார்கழியிலும் தையிலும் இரவு வெப்பநிலை 15 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. முற்றிய கொம்பில் பூமொட்டு உருவாக அந்தக் குளிரே தூண்டுதல். குளிர் நீடிக்கும்போது நுனிப் பூவைக் கிள்ளினால், கீழே இருக்கும் பக்கமொட்டுகள் துளிராக எழாமல் மீண்டும் பூவாகவே எழும். ஒரு பூந்தண்டு இருந்த இடத்தில் இரண்டு, மூன்று வரும். அதையும் கிள்ளினால் மறுபடியும் வரும். கன்றுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு அதை மூன்று முறை பூக்க வைத்துவிடுவோம். ஆகவே நான் செய்வது இது: பூவை விட்டுவிட்டு, பிஞ்சு பட்டாணி அளவுக்கு வரும்வரை காத்திருப்பேன். அது பெரும்பாலும் மாசி நடுவில் அமையும். அதற்குள் இரவுக் குளிர் தளர்ந்துவிடுவதால், வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து எழுவது துளிராகவே இருக்கும். அப்போது நட்டு ஆறு மாதம்கூட ஆகாத கன்று, இலை உதிர்ந்து வாடியிருக்கும் கன்று, பூந்தண்டு கன்றின் உயரத்தில் பாதிக்கு நீண்டிருக்கும் கன்று ஆகியவற்றுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு வேண்டாம்; மறுபடி பூத்தாலும் பரவாயில்லை என்று உடனே எடுத்துவிடலாம். பூங்கொத்தில் சாம்பல் நோய் வெள்ளையாகப் படர்ந்திருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

எங்கே வெட்டுவது என்பதும் அற்பமான செய்தி அல்ல. பூந்தண்டைக் கையால் முறித்தால் அது கொம்போடு சேரும் இடத்தில் பிசிறாகக் கிழியும். கூரான கவாத்துக் கத்தரியை எடுத்துக்கொண்டு, முதலில் நுனியை நிதானமாகப் பார்க்க வேண்டும். பூந்தண்டின் அடியில் நான்கைந்து இலைகள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் வட்டமாக அமைந்திருக்கும்; அந்த இலைக்காம்புகளின் இடுக்கில் மொட்டுகள் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். அதற்குக் கீழே இலைகள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு இருக்கும். அந்த வட்டத்துக்கு மேலே வெட்டினால் நெருங்கிய மொட்டுகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து துடைப்பம் போலக் கிளம்பும். பிறகு அவை தடித்துப் பாரம் தாங்கும்போது அந்த இடத்தில் பிளக்க வாய்ப்புண்டு. வட்டத்துக்குக் கீழே, இடைவெளி விட்ட இலைகளின் நடுவே வெட்டினால், இரண்டு அல்லது மூன்று துளிர்கள் வெவ்வேறு உயரத்திலிருந்து வெவ்வேறு திசையில் எழும். பூவை எடுக்கும் வேலையும் கிளையை உருவாக்கும் வேலையும் ஒரே வெட்டில் முடிந்துவிடுகின்றன. கன்றை ஒன்றிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து ஒன்பது, ஒன்பதிலிருந்து இருபத்தேழு நுனிகளாகப் பெருக்குவதே முதல் மூன்று ஆண்டுகளின் உண்மையான வேலை; பூவை எடுப்பது அதன் ஒரு பகுதி மட்டுமே. வெட்டும்போது வடியும் பால் தோலில் பட்டால் சிலருக்குப் புண்ணாகும் என்பதால், கண்ணிலும் முகத்திலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் குனிந்து ஒட்டுக்கட்டையும் பார்த்துவிடுங்கள்: கட்டிய நாடா இன்னும் இருந்தால் அறுத்து எடுக்கவும், கட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து துளிர் வந்திருந்தால் அடியோடு நீக்கவும் வேண்டும்.

அடுத்தது, ஆண்டுக்கணக்கை மட்டும் நம்பாமல், மரம் தயாராகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பது. பூ வந்துவிட்டது என்பதே தயாரானதன் அடையாளம் என்று எண்ணக் கூடாது. அதன் காரணத்தை மேலே பார்த்தோம். நான் பார்ப்பது வேறு சில. ஒட்டுக்கட்டுக்குச் சற்று மேலே அடித்தண்டு ஒரு பெரியவரின் மணிக்கட்டு அளவாவது தடித்திருக்க வேண்டும். மூன்று அல்லது நான்கு முதன்மைக் கிளைகள் இருந்து, ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு முறையாவது பிரிந்திருக்க வேண்டும். மரத்தின் நடுவில் நின்று பார்த்தால் இலைச்செறிவில் வானம் துண்டு துண்டாகத் தெரிய வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, சென்ற மழைக்காலத்தில் குறைந்தது இரண்டு முறை நன்றாகத் துளிர்த்து, அந்த இலைகள் கார்த்திகைக்குள் முற்றிக் கரும்பச்சையாகியிருக்க வேண்டும். இப்படித் துளிர்த்த மரத்தின் வேர் நன்றாக வேலை செய்கிறது என்று நம்பலாம், வேரைத் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை.

இன்னொரு சோதனையும் உண்டு. காய் நிற்கப்போகும் கிளையின் நுனியிலிருந்து ஒரு முழம் உள்ளே, அரைக் கிலோ அரிசி கட்டிய துணிப்பையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். கிளை சற்றுத் தாழ்ந்து நின்றால் நல்லது. கிடைமட்டத்துக்குக் கீழே போய்த் தரையைப் பார்த்து வளைந்தால் அந்தக் கிளை இந்த ஆண்டு காயைத் தாங்காது. முட்டுக்கொம்பு கொடுத்துத் தாங்கவைக்கலாமே என்று கேட்கலாம். முட்டு எடையை மட்டும்தான் தாங்கும். உணவுக்கணக்கில் அது எந்த உதவியும் செய்யாது. மேலும், காற்றில் ஆடி ஆடித்தான் தண்டு தடிக்கிறது. எப்போதும் முட்டோடு நிற்கும் கன்று மெலிந்தே இருக்கும்.

ரகத்துக்கு ரகம் இந்தக் கணக்கு மாறும். ஒரு மல்கோவாப் பழம் அரைக் கிலோவைத் தாண்டிப் போகும். நீலம் பழமோ ஏறக்குறைய 200 கிராம்தான் இருக்கும். எனவே 'முதல் ஆண்டு மூன்று பழம்' என்று எல்லா மரத்துக்கும் ஒரே எண்ணிக்கை சொல்வது பொருந்தாது. வீரியமாக வளரும் பங்கனப்பள்ளி, இமாம் பசந்த் போன்றவற்றில் நான்காம் ஆண்டு முடியும்வரை பொறுப்பது நல்லது. அவை பெரிய மரமாகும் இயல்புடையவை, அந்தக் கட்டமைப்பை இளமையிலேயே பெற வேண்டும். இங்கே பாதாமி என்ற பெயரில் விற்கப்படும் அல்போன்சா, ஒன்றுவிட்ட ஆண்டு காய்க்கும் பழக்கமுடையது. ஓர் ஆண்டு அதிகமாகக் காய்த்தால் அந்தக் கொம்புகளில் புதிய துளிர் வந்து முற்றக் காலம் போதாமல் அடுத்த ஆண்டு பூ வராது. அதனை முதன்முதலில் காய்க்க விடும் ஆண்டிலேயே மிகையாக விட்டுவிட்டால் அந்த ஏற்ற இறக்கம் தொடக்கத்திலேயே ஏற்பட்டுவிடும். நீலமும் கிளிமூக்கும் ஆண்டுதோறும் காய்ப்பவை என்பதால் அவற்றில் இந்தக் கவலை குறைவு.

குள்ள ரகங்களுக்குத் தனி நியாயம் உண்டு. தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் தசேரியையும் நீலத்தையும் கலந்து உருவாக்கிய ஆம்ரபாலி, இயல்பாகவே அடக்கமாக வளர்ந்து ஆண்டுதோறும் காய்ப்பது. பெங்களூருக்கு வெளியே ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பங்கனப்பள்ளியையும் அல்போன்சாவையும் கலந்து வெளியிட்ட அர்கா அருணாவும் குள்ளமானதே. வீட்டு மூலைக்கும் மாடித் தொட்டிக்கும் இவற்றைத் தேர்ந்தெடுப்பவர்கள், மரம் பெரிதாகக் கூடாது என்றுதான் விரும்புகிறார்கள். காய் வளர்ச்சியைத் தடுக்கும் என்ற அதே உண்மை இவர்களுக்கு உதவியாக மாறுகிறது. மரத்துக்கு மரம் 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் அடர்நடவு செய்யும் தோப்புகளில், மூன்றாம் ஆண்டிலிருந்தே காய்க்க விட்டு, அறுவடை முடிந்ததும் கவாத்து செய்து மரத்தை அடக்கி வைக்கிறார்கள். பழைய முறையில் 10 மீட்டர் இடைவெளி விட்டு நட்ட தோப்பில் அந்த அவசரம் தேவையில்லை, அங்கே மரம் இடத்தை நிரப்ப வேண்டும். மாடியில் பெரிய டிரம்மில் வளரும் ஆம்ரபாலிக்கு, மூன்று ஆண்டு முடிந்து கிளைகள் நன்றாகப் பிரிந்திருந்தால், இரண்டு மூன்று காய் விடுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. அதற்கு முன் வேண்டாம். டிரம்மில் வேருக்கு இருக்கும் மண்ணே குறைவு.

மூன்று ஆண்டு விதியில் நான் ஒரு விலக்கை ஏற்றுக்கொள்கிறேன். வாங்கிய கன்று, விற்றவர் சொன்ன ரகம்தானா என்பது காயைப் பார்க்கும்வரை உறுதியாகத் தெரியாது. இமாம் பசந்த் என்று சொல்லி எனக்குக் கொடுக்கப்பட்ட ஒரு கன்று, நான்கு ஆண்டு கழித்துக் காய்த்தபோது கிளிமூக்காக இருந்தது. கிளிமூக்கின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் இரண்டாம் ஆண்டிலேயே தெரிந்திருந்தால் அதன் மேலேயே வேறு கொம்பை ஒட்டியிருக்கலாம். கன்று நன்றாக வளர்ந்துகொண்டிருந்தால், மூன்றாம் ஆண்டில் மிகத் தடித்த கிளையில், நுனிக்கு அல்லாமல் தண்டுக்கு அருகே அமைந்த கொம்பில், ஒரே ஒரு காயை மட்டும் விட்டு, மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். காயின் வடிவம் தெரிந்த உடனேயே அதையும் பறித்து ஊறுகாய்க்கோ பருப்பில் போடவோ பயன்படுத்தினால் மரத்தின் செலவு மேலும் குறையும். கொட்டை முற்றுவதற்கு முன்பு பறித்துவிடுவதே இதில் கவனிக்க வேண்டியது.

காய்க்க விடுவது என்று முடிவு செய்த முதல் ஆண்டில், பூவைத் தொட வேண்டாம். பிஞ்சுகள் மிளகு அளவிலும் கோலிக்குண்டு அளவிலும் இருக்கும்போது மரமே பெரும்பகுதியை உதிர்த்துவிடும். அந்த உதிர்வைக் கண்டு பதறத் தேவையில்லை, அதற்கு முன்னதாகவே நாம் எண்ணிக் குறைத்துவிட்டால் கடைசியில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். எலுமிச்சை அளவில் உதிர்வு ஓய்ந்ததும், ஒரு கொத்துக்கு ஒரு காய் என்று விட்டு மற்றதை எடுக்க வேண்டும். பத்துக் கொத்து இருந்தால் ஐந்தில் மட்டும் காயை விட்டு, மீதி ஐந்தைக் கொத்தோடு வெட்டி, அந்தக் கிளைகளைத் துளிர்க்க விடுவேன். இவ்வாறு செய்தால் மரத்தின் ஒரு பாதி காய்க்கும்போது மறுபாதி வளர்கிறது, அடுத்த ஆண்டு அந்த மறுபாதி காய்க்க ஆயத்தமாகிறது. நன்கு வளர்ந்த ஒட்டுமரம் மூன்று நான்கு வயதில் பத்து முதல் இருபது பழம் வரை தரக்கூடியது. நிறைவான விளைச்சல் பத்து முதல் பதினைந்து வயதில் தொடங்கி, நல்ல பராமரிப்பில் நாற்பது வயதுவரை கூடிக்கொண்டே போகும். அவ்வளவு நீண்ட வாழ்நாள் உள்ள மரத்தின் முதல் காய்ப்பில் ஐந்து பழம் போதும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தண்ணீர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காய்க்கும் மரத்துக்குப் பூப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்கள் நீரை நிறுத்தி வாட விடுவது வழக்கம். அதைக் கேள்விப்பட்டு இளங்கன்றுக்கும் நீரை நிறுத்துபவர்கள் உண்டு. காய்க்க விடப்போவதில்லை என்றால் அந்த வாட்டம் தேவையே இல்லை. ஐப்பசி மழை ஓய்ந்த பிறகும் வாரம் ஒரு முறையாவது வட்டப்பாத்தி நிறைய நீர் விட்டால், கன்று பூப்பதைக் குறைத்துக்கொண்டு துளிர்க்கவே முயலும். பூக்க வைப்பதற்காக வேரில் ஊற்றும் கல்டார் போன்ற வளர்ச்சிக் கட்டுப்படுத்தியை, முழு வளர்ச்சி பெறாத மரத்துக்குக் கொடுப்பது கூடவே கூடாது. அது அந்த மரத்தின் வளர்ச்சியையே நிறுத்துகிற மருந்து.

இந்த ஆண்டு என் செந்தூராவில் பதினான்கு கொத்து பூத்தது. மாசி இருபதில் ஏழு கொத்துகளை வெட்டினேன். வெட்டிய இடங்களில் பங்குனிக் கடைசியில் துளிர் வந்துவிட்டது. மீதி ஏழில் நின்ற காய்கள் முற்றி, காம்பருகே தோள் புடைத்து, ஒரு பழம் தானே உதிர்ந்த மறுநாள் மற்றவற்றை அரைச் சாண் காம்போடு அறுத்து, பால் வடியக் கவிழ்த்து வைத்தோம். லால்பாக் மாம்பழ மேளாவுக்குப் போய்வந்த அம்மா அங்கே வாங்கிய பழத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்து, இதில் நார் குறைவு என்றார். அறுத்த அந்த வாரமே, காய் நின்ற ஏழு கொம்புகளையும் நுனியிலிருந்து ஒரு சாண் உள்ளே வெட்டி, பாத்தியைக் கொத்தித் தொழுவுரம் போட்டு மூடிவிட்டேன். ஆடி பிறப்பதற்குள் அவையும் துளிர்க்க வேண்டும்.